ஹியூ பிளேர்: எழுத்து, பிரசங்கம், நடத்தை குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹியூ பிளேர் யார்?

ஸ்காட்லாந்துச் சபையின் போதகர், எடின்பரோ பல்கலைக்கழகப் பேராசிரியர். 1718 ஏப்ரல் 7 அன்று எடின்பரோவில் பிறந்தார், 1800 டிசம்பர் 27 அன்று அதே ஊரில் இறந்தார். 1742இல் ஃபைஃப் பகுதியிலுள்ள கொலெஸ்ஸி என்ற கிராமத்துச் சபையில் ஊழியத்தைத் தொடங்கியவர், மறு ஆண்டே தலைநகர் எடின்பரோவுக்கு வந்துவிட்டார். கேனன்கேட், 1754இல் லேடி யெஸ்டர்ஸ், 1758இல் செயின்ட் ஜைல்ஸ் ஆலயத்தின் ஹை கர்க் என்று படிப்படியாக உயர்ந்தார். அந்தக் கடைசிப் பீடம்தான் ஸ்காட்லாந்துப் போதகர் ஒருவருக்குக் கிடைக்கக்கூடிய முதல் மரியாதை.

1759 டிசம்பரில் எழுத்துக்கலை பற்றிப் பல்கலைக்கழகத்தில் சொற்பொழிவுகளைத் தொடங்கினார். 1762இல் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் அவருக்காகவே சொல்வன்மைக்கும் நல்லிலக்கியத்துக்கும் ஒரு பேராசிரியர் பதவியை உண்டாக்கினார். சம்பளம் ஆண்டுக்கு 70 பவுண்டு. வாரநாளில் வகுப்பறை, ஞாயிற்றுக்கிழமை பிரசங்க பீடம் என்று ஏறத்தாழ கால் நூற்றாண்டு ஓடியது.

அவர் எழுதியவற்றில் முக்கியமானவை எவை?

இரண்டு. ஒன்று, 1783இல் வெளிவந்த சொல்வன்மைச் சொற்பொழிவுகள். மொத்தம் 47 பாடங்கள்; பதிப்பாளர்கள் கொடுத்த தொகை 1,500 பவுண்டு. மற்றொன்று, ஐந்து தொகுதிகளாக வந்த பிரசங்கங்கள். முதல் தொகுதி 1777இல், கடைசித் தொகுதி அவர் இறந்த பின் 1801இல். ஆஸியன் கவிதைகள் பற்றிய 1763ஆம் ஆண்டு ஆய்வுரை மூன்றாவதாகப் பேசப்படும். அது பேசப்படும் காரணம் வேறு; கீழே வருகிறது.

47 பாடங்களையும் வரிசையாகப் படிக்க வேண்டுமா?

வேண்டாம். முதல் பக்கத்திலிருந்து தொடங்குபவர்கள் பெரும்பாலும் ஆறாவது, ஏழாவது பாடங்களில் நின்றுவிடுகிறார்கள். மொழி எப்படித் தோன்றியது என்று அங்கே அவர் சொல்வது அந்தக் காலத்து ஊகம். இன்று வரலாற்று ஆர்வத்துக்கு மட்டுமே அது பயன்படும்.

பயன் கருதிப் படிப்பவர் 10 முதல் 13 வரையுள்ள பாடங்களில் தொடங்கலாம். சொல்லும் வாக்கியமும் அங்கேதான். அடுத்து 19, நடையை உருவாக்கிக்கொள்ளும் வழி. பிறகு 20 முதல் 24 வரை: நான்கு பாடங்களில் கட்டுரையாளர் அடிசன், ஒன்றில் அங்கத எழுத்தாளர் ஸ்விஃப்ட், இருவருடைய எழுத்தையும் வாக்கியம் வாக்கியமாகப் பிரித்துப் பார்க்கிறார். மேடையில் பேசுபவர்களுக்கு 29 முதல் 34 வரை. இவ்வளவும் முடித்துவிட்டு ரசனை பற்றிய இரண்டாம் பாடத்துக்கும், உயர்வுநயம் (ஆங்கிலத்தில் sublime) பற்றிய மூன்று, நான்காம் பாடங்களுக்கும் வந்தால், அங்கே பொதுவாகச் சொன்னதெல்லாம் எதற்காக என்பது விளங்கும். கவிதையும் நாடகமும் பற்றிய கடைசிப் பத்துப் பாடங்களைத் தேவைக்கேற்பப் புரட்டினால் போதும். அவற்றில் எபிரேயக் கவிதை பற்றிய 41ஆம் பாடத்தை மட்டும் தவறவிடக் கூடாது.

அவருடைய போதனைக்கு அடித்தளமான கருத்து எது?

குழம்பிய வாக்கியம் குழம்பிய சிந்தனையிலிருந்துதான் வருகிறது. பன்னிரண்டாம் பாடத்தின் முடிவில் இதைச் சொல்கிறார்: நாம் மோசமாகச் சொல்லும்போதெல்லாம், மொழியைக் கையாண்டதில் உள்ள பிழையோடு, பொருளை நாம் உள்வாங்கியதிலும் பெரும்பாலும் ஒரு பிழை இருக்கும். மொழியும் சிந்தனையும் ஒன்றையொன்று சரிசெய்கின்றன என்பது அவர் நம்பிக்கை. ஆகவே வாக்கியத்தைத் திருத்துகிற மாணவன் தன் அறிவையும் திருத்திக்கொள்கிறான்.

போதகர் ஒருவர் இலக்கணம் போன்ற விஷயத்தில் இவ்வளவு உழைத்ததற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. தன்னிடம் தானே தெளிவாக இல்லாதவன் மற்றவரிடம் உண்மையாக இருப்பது கடினம். சொற்பொழிவுகளையும் பிரசங்கங்களையும் தனித்தனி அலமாரியில் வைப்பவர்கள் பிளேரைப் பாதிதான் படிக்கிறார்கள் என்பது எங்கள் உறுதியான எண்ணம்.

வாக்கியத்தைச் சோதிக்க அவர் தரும் முறை என்ன?

நான்கு குணங்களைத் தேடச் சொல்கிறார்: தெளிவு, ஒருமை, வலிமை, ஓசை இனிமை. வரிசை முக்கியம். தெளிவில்லாத வாக்கியத்துக்கு ஓசை தேடுவது வீண்வேலை.

தெளிவுக்கு முதல் எதிரி சொற்களின் இடம். எந்தச் சொல் எதைத் தழுவுகிறதோ அதற்குப் பக்கத்திலேயே அது நிற்க வேண்டும். ‘மட்டும்’, ‘கூட’ போன்றவற்றை இடம் மாற்றிவைத்தால் பொருளே மாறிவிடும்.

ஒருமையில்தான் மிகப் பலர் தவறுகிறார்கள். அதற்கு நான்கு விதிகள் தருகிறார். முதல் விதி: ஒரு வாக்கியத்துக்குள் காட்சியை மாற்றாதே. அவர் காட்டும் எடுத்துக்காட்டைத் தமிழில் வைத்தால் இப்படி இருக்கும்: “நாங்கள் நங்கூரம் போட்ட பிறகு அவர்கள் என்னைக் கரையில் இறக்கினார்கள், அங்கே நான் என் நண்பர்கள் எல்லோராலும் வரவேற்கப்பட்டேன், அவர்கள் என்னை மிகுந்த அன்போடு உபசரித்தார்கள்.” நாங்கள், அவர்கள், நான், மறுபடி வேறு அவர்கள். ஒரு வாக்கியத்துக்குள் நான்கு எழுவாய். படிப்பவரின் கண் ஒவ்வொரு காற்புள்ளியிலும் வேறு ஆளைத் தேடி ஓடுகிறது. பிளேர் எல்லாவற்றையும் ‘நான்’ என்ற ஒரே எழுவாயின் கீழ் கொண்டுவருகிறார். அதற்கு ஆங்கிலத்தில் செயப்பாட்டுவினை அவருக்கு உதவியது. தமிழில் அதே வழியில் போனால் ‘இறக்கப்பட்டேன், உபசரிக்கப்பட்டேன்’ என்று வாக்கியம் விறைத்துக்கொள்ளும். “கப்பல் நங்கூரம் போட்டதும் கரை இறங்கினேன், நண்பர்கள் எல்லோரும் வந்து வரவேற்க, அவர்களுடைய அன்பில் திளைத்தேன்” என்று வினையெச்சங்களைக் கொண்டே நாம் அதைச் சாதிக்கலாம். எடுக்க வேண்டியது விதியை. அவர் கையாண்ட கருவியை அல்ல.

இரண்டாவது விதி: தொடர்பில்லாதவற்றை ஒரே வாக்கியத்தில் அடைக்காதே. பேராயர் டில்லட்சன் இறந்ததைச் சொல்லிவிட்டு, அவர்மேல் அரசருக்கும் அரசிக்கும் இருந்த அன்பைச் சொல்லி, அதே மூச்சில் அவருக்கு அடுத்து யாரை நியமித்தார்கள் என்று முடிக்கிற ஒரு வரலாற்று வாக்கியத்தை எடுத்துக்காட்டுகிறார். டில்லட்சனைப் பற்றித் தொடங்கிய வாக்கியம் வேறொருவரின் பதவியில் போய் நிற்கிறது. ‘அவர்’, ‘அவருடைய’, ‘அதன்’ என்று ஒட்டி ஒட்டி எழுதும் பழக்கத்தால் வருகிற நோய் இது. வெட்ட வேண்டிய இடம் எப்போதும் அந்த ஒட்டுச் சொல்தான்.

மூன்றாவது, வாக்கியத்தின் நடுவில் அடைப்புக்குறிச் செய்திகளைச் செருகாதே. நான்காவது, வாக்கியம் முழுமையாக முடிந்த பிறகு வாலாக எதையும் சேர்க்காதே.

வலிமைக்கு முதல் வேலை களையெடுப்பு. ‘வெற்றி ஊர்வலத்துக்குத் தகுதி பெற்றதே போதுமென்று, அந்த மரியாதையை அவர் மறுத்துவிட்டார்’ என்ற வாக்கியத்தில் ‘போதுமென்று’ இருக்கும் இடத்தில் ‘போதுமென்று எண்ணியவராக இருந்தபடியால்’ என்று நீட்டினால் செய்தி ஒரு துளியும் கூடவில்லை. வேகம் மட்டும் குறைகிறது. ஒரு சொல் பொருளைக் கூட்டவில்லை என்றால் அது பொருளைக் கெடுக்கிறது, நடுநிலையாக நிற்பதில்லை என்பது அவர் வாதம். மிகைபடக் கூறலைக் குற்றமாக எண்ணிப் பழகிய தமிழ் வாசகருக்கு இதில் வியப்பிருக்காது. அடுத்து, கனமான சொல்லைக் கண்ணில் படும் இடத்தில் நிறுத்து. கூறுகள் பல இருந்தால் சிறியது முன்னே, பெரியது பின்னே. அற்பமான சொல்லில் வாக்கியத்தை முடிக்காதே.

கடைசி விதியை அப்படியே தமிழுக்குக் கொண்டுவர முடியாது. நம் வாக்கியம் வினையில் முடிவது. ‘செய்யப்பட்டு வருகிறது’, ‘இருந்து கொண்டிருக்கிறது’ போன்ற துணைவினைக் கோவைகளைச் சுருக்கினாலே தமிழ் வாக்கியத்தின் முடிவு பலம் பெறும்.

ஒரே பொருள் தரும் சொற்களைப் பற்றி அவர் என்ன சொல்கிறார்?

எந்த மொழியிலும் முழுக்க ஒரே பொருள் தரும் இரண்டு சொற்கள் அரிது என்கிறார். பத்தாம் பாடத்தில் சொற்களை இணையிணையாக எடுத்துப் பிரித்துக்காட்டும் பகுதி புத்தகத்தின் மிக இனிய பக்கங்களில் ஒன்று. செருக்கு நம்மை நாமே மதிக்கவைக்கிறது. புகழாசை மற்றவர் நம்மை மதிக்க வேண்டுமென்று ஏங்கவைக்கிறது. அதனால்தான் ஒருவன் புகழாசை கொள்ள முடியாத அளவு செருக்குள்ளவனாக இருக்கலாம் என்று ஸ்விஃப்ட் எழுதியது சரியாகிறது. இல்லாததை ஆக்குவது புனைவு, மறைந்திருந்ததைக் காண்பது கண்டுபிடிப்பு: தொலைநோக்கி முதல் வகை, ரத்த ஓட்டம் இரண்டாம் வகை. ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்வது வழக்கம். அப்படிச் செய்வதால் உடலிலும் மனத்திலும் படிகிற விளைவு பழக்கம். தெருவில் அடிக்கடி சுற்றித் திரிவது முன்னது, அதனால் படிந்துபோகும் சோம்பல் பின்னது.

கவனியுங்கள், செருக்கும் புகழாசையும் வேறு என்பதை அறிந்தவன் தன் மனத்தில் இருப்பது எது என்றும் கேட்டுப் பார்ப்பான். சொல்லின் எல்லையைக் காட்டுகிற பாடமே மனத்தையும் சோதிக்கவைத்துவிடுகிறது.

இதைப் பயிற்சியாக்க ஒரு வழி: கோபம், சினம், எரிச்சல், ஆத்திரம் என்ற நான்கையும் எழுதி, ஒவ்வொன்றும் மட்டுமே பொருந்துகிற ஒரு சூழலை ஒரு வரியில் எழுதுங்கள். மற்ற மூன்றையும் அந்த வரியில் போட்டுப் பாருங்கள். பொருந்திவிட்டால் வரி இன்னும் கூர்மையாகவில்லை.

நடையை வளர்த்துக்கொள்ளப் பயிற்சி முறை ஏதும் தருகிறாரா?

19ஆம் பாடத்தில் இருக்கிறது. படிகளாக வைத்தால் இப்படி வரும்.

1. எழுதப்போகும் பொருளை முதலில் மனத்தில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். பொருள் சூடேறாத நிலையில் சொல்லைத் தேடாதீர்கள்.
2. அடிக்கடி எழுதுங்கள், ஆனால் தொடக்கத்தில் மெதுவாக. வேகமாக எழுதி நன்றாக எழுதக் கற்றுக்கொள்ள முடியாது. நன்றாக எழுதி எழுதித்தான் வேகம் வரும் என்ற ரோமானியச் சொல்வன்மை ஆசிரியர் குவிண்டிலியனின் அறிவுரையை எடுத்துச் சொல்கிறார்.
3. நல்ல எழுத்தாளர் ஒருவரின் ஒரு பக்கத்தை இரண்டு மூன்று முறை கவனமாகப் படியுங்கள். புத்தகத்தை மூடிவிட்டு, அதே கருத்துகளை உங்கள் சொற்களில் எழுதுங்கள். பிறகு பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.
4. எழுதியதைச் சில காலம் எடுத்துவையுங்கள். எழுதியபோதிருந்த சூடு தணிந்து, சொற்கள்மேல் இருந்த பாசம் போன பிறகு, வேறொருவர் எழுதியதைப் படிப்பதுபோல் படித்துத் திருத்துங்கள்.

மூன்றாவது படியில்தான் தவறு நேரும். மனப்பாடமாகும் அளவுக்குப் படித்துவிட்டால் ஒப்பிட எதுவும் மிஞ்சாது, நகல்தான் வரும். கருத்து மட்டும் தங்கி, சொற்கள் மறந்துபோகும் அளவே சரி. ஒரே எழுத்தாளரிடம் நெடுநாள் இதைச் செய்தால் அவருடைய குறைகளே முதலில் ஒட்டிக்கொள்ளும். அடிமைத்தனமான போலிநடையைப் பற்றி அவர் எச்சரிப்பதும் அதே பாடத்தில்தான். நடையிலேயே மனம் முழுகிவிடக் கூடாது என்பதும் அங்கேயே வருகிறது: சொற்களுக்குக் கவனம் போதும், கவலை முழுவதும் பொருளுக்கு.

அடிசனை அவர் எப்படித் திருத்துகிறார்? ஒரு மாதிரி காட்ட முடியுமா?

அடிசன் எழுதிய ‘ஸ்பெக்டேட்டர்’ பத்திரிகையின் 411ஆம் இதழை 20ஆம் பாடத்தில் எடுக்கிறார். “நம் புலன்கள் எல்லாவற்றிலும் பார்வையே மிக நிறைவானது, மிக இன்பமானது” என்று கட்டுரை தொடங்குகிறது. இந்த வாக்கியத்தை முழுமனத்தோடு பாராட்டுகிறார். தெளிவு, சுருக்கம், எளிமை. ஒரு கட்டுரையின் முதல் வாக்கியம் இப்படித்தான் இருக்க வேண்டும்.

சிறிது தள்ளி அடிசன் தொடுபுலனைப் பற்றி எழுதுகிறார்: பரப்பையும் வடிவத்தையும், நிறம் ஒன்று தவிரக் கண் வழியே நுழையும் மற்ற எல்லா எண்ணங்களையும் தொடுபுலனும் நமக்கு உணர்த்தக்கூடும், ஆயினும் அது தன் செயலில் மிகவும் குறுக்கப்பட்டும் அடக்கப்பட்டும் இருக்கிறது. இங்கே பிளேரின் கத்தி இறங்குகிறது. பரப்பும் வடிவமும் பொருள்களின் தன்மைகள். அவற்றை எண்ணங்கள் என்று எப்படிச் சொல்லலாம்? புலன்கள் எண்ணங்களையே தருகின்றன. எண்ணத்தைப் பற்றிய எண்ணத்தைத் தருவதில்லை. ‘குறுக்கப்பட்டும் அடக்கப்பட்டும்’ என்ற இரண்டும் ஏறக்குறைய ஒன்றே.

முதல் இரண்டு குறைகளும் மொழிக் குறைகளாகத் தோன்றினாலும் சிந்தனைக் குறைகள்தான். அடிசன் ஆங்கிலத் தத்துவஞானி ஜான் லாக்கின் தத்துவத்தில் கொஞ்சம் சிக்கிக்கொண்டார் என்றே பிளேர் எழுதுகிறார். மேலே சொன்ன அடித்தளக் கருத்து வேலை செய்வதை இதைவிடக் கண்கூடாக வேறெங்கும் பார்க்க முடியாது. இத்தனைக்கும் அடிசன் அவருக்கு மிகப் பிடித்த உரைநடையாளர். தான் நேசிக்கிற எழுத்தை இவ்வளவு கறாராகச் சோதிக்க முடிவதே நேர்மைக்கு அடையாளம்.

உயர்வுநயம் என்று அவர் எதைச் சொல்கிறார்?

மனத்தை அதன் வழக்கமான அளவுக்கு மேலே தூக்குகிற ஒன்றை. எழுத்தில் அதற்கு எளிமையும் சுருக்கமும் இன்றியமையாதவை. நல்ல சான்று: புயலில் நடுங்கிய படகோட்டியிடம் சீசர் சொன்னதாக வருவது. “பயம் எதற்கு? நீ ஏற்றிப் போவது சீசரை.” இவ்வளவுதான். ரோமானியக் கவிஞர் லூக்கன் இதைப் பல அடிகளுக்கு நீட்டினார். நீளநீள அது வெறும் வீரப்பேச்சாகச் சரிந்துவிட்டது என்று காட்டுகிறார் பிளேர்.

பிரசங்கமோ மேடைப் பேச்சோ தயாரிக்க அவர் தரும் வழி என்ன?

ஆறு பகுதிகள்: முன்னுரை, பொருளைக் கூறிப் பகுத்தல், விளக்கம், வாதம், உணர்ச்சி, முடிவு. எல்லாப் பேச்சிலும் ஆறும் இருக்கத் தேவையில்லை.

முன்னுரையைக் கடைசியில் எழுதச் சொல்கிறார். பேச்சின் உடல் உருவாகாமல் எழுதிய முன்னுரை எந்தப் பேச்சுக்கும் பொருந்தும். ஆகவே எந்தப் பேச்சுக்கும் உரியதல்ல. அது அடக்கமாகவும் இருக்க வேண்டும். தொடக்கத்தில் கேட்பவர்கள் இன்னும் குளிர்ந்த மனத்தோடு குறைகாணும் நிலையில் இருப்பார்கள் என்பது காரணம்.

தலைப்புகள் மூன்றிலிருந்து ஐந்து, ஆறு வரை போதும், உட்பிரிவுகளையும் சேர்த்தே. அதற்குமேல் போனால் நினைவு களைத்துவிடும். ஒன்று இன்னொன்றை விழுங்காதபடி பகுக்க வேண்டும். முதலில் நற்பண்பு, அடுத்து நீதி என்று பிரித்தால் நீதி ஏற்கெனவே நற்பண்புக்குள் இருக்கிறது. பேசுபவர் தடுமாறுவது அங்கே உறுதி.

பொருளைக் குறுக்குவது நல்லது. பொதுவான தலைப்பு எளிதாகத் தெரிந்தாலும், ஒரு நற்பண்பின் ஒரு தோற்றத்தை மட்டும் எடுத்துப் பேசுவதே மனத்தில் தைக்கும். சொல்லக்கூடியதையெல்லாம் சொல்லிவிடாதே என்பது தொடக்கக்காரர் எல்லோரும் சுவரில் ஒட்டிவைக்க வேண்டிய அறிவுரை. உணர்ச்சிப் பகுதியில், ‘இப்போது உங்கள் நெஞ்சைத் தொடப்போகிறேன்’ என்ற அறிவிப்பு கூடவே கூடாது; பேசுபவர் உண்மையிலேயே நெகிழ்ந்திருக்க வேண்டும்; நீட்டவும் கூடாது.

எழுதிவைத்துப் படிப்பதைப் பற்றி அவர் கருத்து கடுமையானது. மனத்தை மாற்ற வேண்டிய பேச்சுக்கு, பேசும்போது இருக்கும் பலம் படிக்கப்படும்போது இருக்காது என்கிறார்.

குரலும் அழுத்தமும்?

33ஆம் பாடம். கேட்கும்படி பேசு, உச்சரிப்பில் தெளிவு, அவசரமின்மை, முறையான உச்சரிப்பு ஆகிய நான்கும் அடிப்படை. அதற்குமேல் அழுத்தம், இடைவெளி, தொனி.

அழுத்தத்துக்கு அவர் தரும் எடுத்துக்காட்டு புகழ்பெற்றது: “இன்று நீங்கள் நகரத்துக்குக் குதிரையில் போகிறீர்களா?” அழுத்தம் ஒவ்வொரு சொல்லில் விழும்போதும் பதில் மாறும். இல்லை, வேலையாளை அனுப்புகிறேன். இல்லை, நடந்து போகிறேன். இல்லை, வயல்வெளிக்குப் போகிறேன். இல்லை, நாளைக்கு. ஆங்கிலத்தில் குரல் மட்டுமே செய்கிற இந்த வேலையைத் தமிழில் ஓர் ஆகாரம் செய்துவிடுகிறது: நீங்களா, குதிரையிலா, நகரத்துக்கா, இன்றா. அதனாலேயே தமிழில் பேசுபவர்கள் குரலழுத்தத்தைக் கவனிக்காமல் விட்டுவிடும் ஆபத்து உண்டு. எழுத்தில் ஆகாரம் கடைசி வினையில் நின்றுவிட்டால், பொருளைக் குரல்தான் காப்பாற்ற வேண்டும்.

அவர் சொல்லும் பயிற்சி: பேச்சைத் தனியாக இருந்து ஒத்திகை பாருங்கள். உருக்கமான பகுதிகளிலாவது அழுத்தம் விழ வேண்டிய சொற்களைப் பேனாவால் குறித்து, மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். ஆனால் வாக்கியத்துக்கு ஒன்றிரண்டுக்கு மேல் குறிக்காதீர்கள். எல்லாச் சொல்லையும் அழுத்துவது, புத்தகம் முழுவதையும் சாய்வெழுத்தில் அச்சிடுவது போன்றது. எதுவுமே கண்ணில் தங்காது.

பிரசங்கங்களில் ஒழுக்கத்தைப் பற்றி என்ன சொல்கிறார்? எதை முதலில் படிக்கலாம்?

முதல் தொகுதியின் 15 பிரசங்கங்கள் போதும். முதலாவது, பக்தியும் ஒழுக்கமும் பிரியக் கூடாது என்பது. கொர்நேலியு என்ற நூற்றுக்கு அதிபதியின் ஜெபமும் தருமமும் சேர்ந்தே மேலே போயின என்ற வேதவசனத்தை எடுத்துக்கொள்கிறார். தருமம் செய்கிறேன், ஜெபம் எதற்கு என்பவரையும், ஜெபிக்கிறேன், அது போதும் என்பவரையும் ஒரே தராசில் நிறுத்துகிறார்.

ஆறாவது, சாந்தம் பற்றியது. சாந்தம் என்பது எல்லாவற்றுக்கும் தலையாட்டுவதல்ல, நாகரிகத்துக்காகப் பூசிக்கொள்ளும் இனிமையும் அல்ல என்று இரண்டு வேலிகளை முதலில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போகிறார். சொற்பொழிவில் செருக்கையும் புகழாசையையும் பிரித்த அதே கை இது.

ஏழாவது எங்களுக்கு மிகப் பிடித்தது. பாரசீக அரசவையில் எல்லாச் செல்வமும் பெற்ற ஆமான், அரண்மனை வாசலில் தனக்கு வணங்காமல் உட்கார்ந்திருக்கும் மொர்தெகாய் ஒருவனைப் பார்க்கும்வரை இவை எதுவும் எனக்கு உதவாது என்கிறான். அந்த ஒற்றை வரியிலிருந்து மூன்று தலைப்புகளை எடுக்கிறார் பிளேர்: ஒரே ஒரு தீய உணர்ச்சி இவ்வளவு வேதனை தருமானால் தீமை எவ்வளவு துயரமானது, ஓர் ஏமாற்றம் எல்லா இன்பத்தையும் கசக்கவைக்குமானால் செல்வம் எவ்வளவு பயனற்றது, உண்மையான துன்பம் இல்லாதபோது கற்பனைத் துன்பத்தை உண்டாக்கிக்கொள்கிற மனித மனம் எவ்வளவு பலவீனமானது. பிரசங்கம் அமைப்பது பற்றி அவர் வகுப்பறையில் சொன்ன விதிகள் இங்கே உயிரோடு நடமாடுகின்றன.

பதினோராவது, இளைஞர்களுக்கு. உண்மை பேசுதலை எல்லா நற்பண்புக்கும் அடிப்படையாக வைக்கிறார். இளமையில் கபடம், முதுமையில் வரப்போகும் துரோகத்துக்கு முன்னோடி என்பது அதில் வருகிற வாக்கியம். பதிமூன்றாவதில் யோசேப்பின் சகோதரர்கள், தங்களுக்கு ஆபத்து வந்தவுடன் பல ஆண்டுகளுக்கு முன் தம்பிக்குச் செய்த கொடுமையை நினைத்துக் கலங்குவதை வைத்து மனசாட்சியின் வலிமையைச் சொல்கிறார்.

அந்தப் பிரசங்கங்கள் அவ்வளவு விற்றது எப்படி?

லண்டன் பதிப்பாளர் ஸ்ட்ராஹன் முதலில் ஊக்கம் தரவில்லை. கையெழுத்துப்படியில் ஒரு பிரசங்கத்தை அவர் அகராதி ஆசிரியரும் விமர்சகருமான சாமுவேல் ஜான்சனிடம் கொடுத்திருந்தார். 1776 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் ஜான்சனிடமிருந்து சீட்டு வந்தது: நன்று என்று சொன்னால் குறைவாகச் சொன்னதாகும் என்று. முதல் தொகுதிக்கு 100 பவுண்டு பேசப்பட்டது. விற்ற வேகத்தில் பதிப்பாளர்களே அதை இரட்டிப்பாக்கினார்கள். இரண்டாவதற்கு 300, மூன்றாவதற்கு 600. 1780இல் அரசு ஆண்டுக்கு 200 பவுண்டு உதவித்தொகையும் அளித்தது. ஸ்காட்டியரையும் பிரஸ்பிட்டேரியரையும் பொதுவாகச் சீண்டிக்கொண்டிருந்த ஜான்சனே, அவற்றை முதலில் பாராட்டியது நான்தான் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார். ஜேன் ஆஸ்டினின் ‘மான்ஸ்ஃபீல்ட் பார்க்’ நாவலில், சொந்தமாக எழுதுவதைவிட பிளேரின் பிரசங்கங்களையே படித்துவிடலாம் என்ற பேச்சு வருகிறது. அந்த அளவுக்கு வீடுகளில் இருந்த புத்தகம்.

பிறகு ஏன் மறக்கப்பட்டன?

அவர் ஸ்காட்லாந்துச் சபையின் மிதவாதிகள் அணியைச் சேர்ந்தவர். கோட்பாட்டுச் சண்டையை ஒதுக்கி, யாரும் ஏற்கக்கூடிய ஒழுக்கத்தையே பெரிதும் பேசினார். மீட்பையும் மனந்திரும்புதலையும் அழுத்திப் பேசிய அடுத்த தலைமுறைக்கு அது குளிர்ச்சியாகப் பட்டது. நடையும் ஒரு காரணம். இருபுறமும் எடை சமமாக வைத்த வாக்கியங்கள் அடுத்தடுத்து வந்துகொண்டே இருக்கின்றன. அப்படிப்பட்ட ஒரே தாளம் காதைக் களைக்கவைக்கும் என்று 13ஆம் பாடத்தில் அவரே சொல்லியிருக்கிறார். ஒரே நாளில் இரண்டு பிரசங்கங்களைப் படிப்பவருக்கு இந்தக் குறை தெரியும். வாரம் ஒன்று கேட்டவர்களுக்குத் தெரிந்திருக்காது. ஆகவே ஒரு நேரத்தில் ஒன்று, முடிந்தால் வாய்விட்டு.

ஆஸியன் விஷயத்தில் என்ன நடந்தது?

ஜேம்ஸ் மக்ஃபெர்சன் என்ற இளைஞர், ஸ்காட்லாந்து மலைநாட்டு மொழியான கேலிக்கில் உள்ள பழைய கவிதைகளின் மொழிபெயர்ப்பு என்று சில துண்டுகளைக் காட்டினார். பிளேர் அவற்றை ஊக்குவித்து, 1760இல் வெளியான தொகுப்புக்கு முன்னுரையும் எழுதினார். பிறகு மூன்றாம் நூற்றாண்டுக் கவிஞர் ஆஸியனின் முழுக் காவியங்கள் என்று மக்ஃபெர்சன் வெளியிட்டவற்றை நம்பி, ஹோமருக்கு அருகில் வைத்து 1763இல் ஆய்வுரை எழுதினார். இந்தக் காலத்து மனிதர் யாராவது இதை எழுதியிருக்க முடியுமா என்று அவர் ஜான்சனைக் கேட்டபோது, பல ஆண்கள், பல பெண்கள், பல குழந்தைகள்கூட முடியும் என்று பதில் வந்தது. ஐயம் கொண்ட தத்துவஞானி டேவிட் ஹியூம், மலைநாட்டாரிடமிருந்து சாட்சியங்களைத் திரட்டும்படி கடிதம் எழுதினார். 1805இல் ஹைலேண்ட் சங்கத்தின் குழு விசாரித்து அறிக்கை தந்தது: மரபுக் கதைகளும் பாடல்களும் இருந்தது உண்மை, ஆனால் மக்ஃபெர்சனின் காவியங்களோடு பொருந்தும் ஒரு முழுக் கவிதையும் கிடைக்கவில்லை.

எங்கே சறுக்கினார்? கவிதை பழங்காலத்தில் உணர்ச்சியும் கற்பனையுமாகப் பொங்கியிருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அதற்கு அச்சாகப் பொருந்தும் கவிதை கிடைத்தபோது, பொருத்தத்தையே சான்றாக எடுத்துக்கொண்டார். கேலிக் மொழியும் அவருக்குத் தெரியாது. அவரை மதிப்பவர்கள் இந்தப் பிழையை மறைக்கத் தேவையில்லை.

நாத்திகர் என்று பெயரெடுத்த ஹியூமோடு போதகருக்கு என்ன நட்பு?

நெருக்கமான நட்பு. 1750களில் சபைக்குள் ஹியூமையும் நீதிபதி கேம்ஸ் பிரபுவையும் கண்டிக்க முயற்சி நடந்தபோது பிளேர் அதற்கு எதிராகத் துண்டுநூல் எழுதினார். 1761இல் ஹியூம் அவருக்கு எழுதிய கடிதம் ஒன்றில், இலக்கியம் பேசும்போது உங்களிடம் நிறையப் பெறுகிறேன், உங்கள் தொழிலைச் சார்ந்த விஷயங்களை மட்டும் இனி நமக்குள் விட்டுவிடுவோம் என்று கேட்டுக்கொண்டார். நட்பு கடைசிவரை நீடித்தது.

ஆடம் ஸ்மித்திடமிருந்து எடுத்துக்கொண்டார் என்பது உண்மையா?

ஓரளவு. பின்னாளில் பொருளியலால் புகழ்பெற்ற ஸ்மித் 1748 முதல் எடின்பரோவில் சொல்வன்மை பற்றிப் பேசினார். பின்னர் தன் கையெழுத்துப்படியில் ஒரு பகுதியையும் பிளேருக்குக் காட்டினார். நடையின் வகைகளைப் பற்றிய 18ஆம் பாடத்தின் அடிக்குறிப்பில் பிளேர் அதை ஒப்புக்கொள்கிறார். புதிய கொள்கை படைத்தவர் என்று அவரைச் சொல்ல முடியாது. சிதறிக் கிடந்ததை மாணவர் கையாளும்படி ஒழுங்குபடுத்தினார். யேல், ஹார்வர்டு கல்லூரிகள் 1780களிலேயே அதைப் பாடநூலாக்கியது அதனால்தான்.

வாங்கும்போது எந்தப் பதிப்பைப் பார்க்க வேண்டும்?

சுருக்கப் பதிப்புகளைத் தவிருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பள்ளிகளுக்காகக் கேள்வி-பதில் சேர்த்து வந்த சுருக்கங்கள் ஏராளம். அவற்றில் விதிகள் இருக்கும், எடுத்துக்காட்டுகள் போயிருக்கும். பிளேரிடம் விதி ஒரு வரி, அதை நிறுவும் எடுத்துக்காட்டு ஒரு பக்கம். பக்கத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது கட்டளைப் பட்டியல். கையில் எடுத்த புத்தகத்தில் 20ஆம் பாடத்தைத் திறந்து பாருங்கள். அடிசனின் வாக்கியங்கள் ஒவ்வொன்றாக வந்து, அவற்றின் கீழே பிளேரின் குறிப்பு இருந்தால் அது முழுப் பதிப்பு.